பெரியவனும் இரண்டு குதிரைகளும்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான், என் கணவர், 31 வயதான மூத்த மகன், அப்புறம் இரண்டு குதிரைகள். மகனை வீட்டில் பெரியவன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவனுக்கு மூளை முடக்குவாதம். வலது கையும் வலது காலும் இறுக்கமாக இருக்கும். அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உண்டு. இதே மாதிரி பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் எங்களைப் பார்த்துக் கேட்பார்கள், போனிலும் கேட்பார்கள். பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான் வரும். அதனால் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

ஏன் குதிரை? மாடு வைத்துக்கொண்டால் பாலாவது கிடைக்குமே?

மாடும் வைத்திருந்தோம். மாடு போதும் என்கிற வீட்டுக்கு மாடே போதும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் வீட்டில் குதிரை வந்ததற்குக் காரணம் என் மாமனார். அவர் ஜட்கா, அதாவது குதிரை வண்டி, ஓட்டியவர். ஆட்டோ வந்த பிறகு சவாரி குறைந்து வண்டியை விற்றுவிட்டார். கொல்லையில் லாயம் மட்டும் காலியாகக் கிடந்தது.

பெரியவனுக்கு 18 வயது ஆனதும் சிறப்புப் பள்ளியில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை காலையில் வேன் வரும், சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவான். அடுத்த நாளிலிருந்து வேன் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. உடம்பு பெருத்தது, பேச்சு குறைந்தது, சின்ன விஷயத்துக்கெல்லாம் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். என் வாழ்க்கையில் மோசமான காலம் எது என்று கேட்டால் அவன் பிறந்த நாட்களைச் சொல்ல மாட்டேன், அந்த இரண்டு வருஷத்தைத்தான் சொல்வேன்.

அப்போதுதான் மாமனாரின் பழைய கூட்டாளி ஒருவர், தன் கிழட்டுக் குதிரையைக் கட்டி வைக்க இடம் கேட்டார். வந்த மறுநாள் விடியலில் கனைத்தது. பெரியவன் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்குப் போனான். அன்றிலிருந்து இன்று வரை நான் அவனை எழுப்பியதில்லை.

குதிரை மேல் உட்கார்ந்தால் கை கால் சரியாகிவிடும் என்கிறார்களே?

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு சரியாகாது. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது குணமாக்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் சவாரியில் ஒரு பயன் இருப்பது உண்மை. குதிரை மெதுவாக நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சுழற்சியாகவும் அசையும். நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் உடம்பின் சமநிலைக்குப் பயிற்சி கிடைக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்மணிக்கு இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே இயக்கமில்லை. அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் உலகத்தில் பல இடங்களில் இந்தப் பயிற்சி பரவியது. முறையாகச் செய்ய, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், பழகிய குதிரை, இரண்டு பக்கமும் ஆள் எல்லாம் வேண்டும்.

பெரியவன் ஏறுவதில்லை. அவனுக்கு வலிப்பு முழுமையாக அடங்கவில்லை, குதிரை மேல் இருக்கும்போது வந்தால் என்ன ஆவது? டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளாக இருந்தால் கழுத்து எலும்பை எக்ஸ்ரே எடுத்து டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏற்றவே கூடாது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும், ஒரு குலுக்கலே ஆபத்து.

ஏறாவிட்டால் அவனுக்குக் குதிரையோடு என்ன வேலை?

தரையில் நின்று செய்யும் வேலை எல்லாம் அவனுடையதுதான். தண்ணீர் காட்டுவான், லத்தி (குதிரைச் சாணம்) அள்ளுவான், கொள்ளு போடுவான், தேய்த்துவிடுவான். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஏழரை ஆகும். என் கணவருக்குத் தனியாகச் செய்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். எங்களுக்கே அது வர ஒரு வருஷம் ஆயிற்று.

பெரியவன் நாலு வரைக்கும்தான் எண்ணுவான். அதனால் நாலு டப்பா போட்டால் ஒரு கிலோ வரும்படி ஒரு டப்பா தேடிப் பிடித்தோம். காலையில் நாலு, சாயங்காலம் நாலு. ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிப் போடுவான். நாலாவது போட்டதும் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டுவான். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டிவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். அந்த நேரத்தில் தயவுசெய்து பேசாதீர்கள்.

வலது கை எப்போதும் மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே மடங்கி. சின்ன வயதிலிருந்து நீவிவிட்டு, கட்டுப் போட்டு, என்னென்னவோ செய்து பார்த்தோம். தேய்க்கிற பிரஷ்ஷின் முதுகில் ஒரு வார் இருக்கும், அதில் கையை நுழைத்துக்கொள்ளலாம். இடது கையால் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்ப்பான். வலது கையைச் சும்மா குதிரையின் கழுத்தில், பிடரிக்குக் கீழே வைத்துக்கொள்வான். அந்த இடம் கதகதவென்று இருக்கும். மார்கழியில் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். கால் மணி நேரம் போனதும் சுண்டுவிரல் விலகியது, அப்புறம் மோதிர விரல். கடைசியில் உள்ளங்கை முழுதும் கழுத்தில் படிந்து கிடந்தது. வேலை முடிந்து நகர்ந்ததும் கை மறுபடி மூடிக்கொண்டது. ஆனால் அந்த நேரத்தில் நகம் வெட்டிவிடலாம் என்று கண்டுகொண்டேன். இப்போது அவனுக்கு வலது கை நகம் வெட்டுவது லாயத்தில்தான்.

கடிக்காதா? உதைக்காதா?

இரண்டும் செய்யும். சாதுவான குதிரையும் பயந்தால் உதைக்கும். குதிரைக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது, மூக்குக்கு நேர் முன்னாலும் கொஞ்ச தூரம் தெரியாது. அதனால் பக்கவாட்டில் இருந்து, பேசிக்கொண்டே போக வேண்டும். காது பின்னால் படுத்துவிட்டால் கிட்டப் போகக் கூடாது. பெரியவனுக்கு இதைப் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தோம்: "பேசு, தொடு, நில்லு." இன்றும் அதைச் சொல்லிக்கொண்டேதான் போவான்.

எனக்கு இதைவிடப் பயம் கயிற்றில்தான். பிடி பலமில்லாதவர்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வார்கள். குதிரை மிரண்டு ஓடினால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். எக்காரணத்துக்காகவும் சுற்றக் கூடாது. மடித்துப் பிடித்தால் போதும். பிடியை விட்டால் விடட்டும், குதிரை எங்கே போய்விடப் போகிறது. அப்புறம், காலில் கெட்டியான ஷூ இருக்க வேண்டும், ரப்பர் செருப்பு கூடாது. பெரியவன் லாயத்தில் இருக்கும்போது எங்களில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருப்போம்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குதிரையைக் குளிப்பாட்ட அவனுக்கு ஒரே துடிப்பு. ஜூன் 12 மேட்டூர் திறப்பை டிவியில் காட்டினாலே எழுந்து நின்றுவிடுவான். ஆனால் வலிப்பு உள்ளவர்களுக்கு முழங்கால் ஆழத் தண்ணீரும் ஆபத்துதான். அவன் அப்பா கூடவே இறங்கி இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும்தான் அனுமதி. மற்ற நாளில் அடிபம்புதான்.

அவனுக்கு உண்மையிலேயே குதிரையைப் பற்றி ஏதாவது புரிகிறதா?

இந்தக் கேள்வியை அவன் எதிரிலேயே கேட்பார்கள். ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் அடைமழை. காலை ஆறு மணிக்கு என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "இல்ல, இல்ல" என்றான். கூடையைக் காட்டினான், காலிக் கூடை. எனக்குப் புரியவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றேன். விடவில்லை. போய்ப் பார்த்தால் செவலை, எங்கள் பெண்குதிரை, நின்றுகொண்டிருந்தது. பார்க்க ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கீழே ராத்திரி போட்ட லத்தியே இல்லை. தினமும் அவன்தான் அள்ளுகிறான், இல்லை என்பது அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. அரைமணி கழித்துச் செவலை முன்னங்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுக்கும், எழுந்திருக்கும், மறுபடி படுக்கும்.

குதிரைக்கு வயிற்றுவலி என்றால் உயிர் போகிற விஷயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது அடைத்துக்கொண்டால் வெளியே வர வேறு வழியில்லை. தீனியை எடுத்துவிட்டோம். என் கணவர் மெதுவாக நடக்க வைத்தார். டாக்டர் வந்து வயிற்றில் காதுக்குழாய் வைத்துக் கேட்டார், ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து செலுத்தினார். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்றிருக்கிறது என்றார். வைக்கோலை எடுத்துப் போட்டது நான்தான். மதியம் ஒரு மணிக்கு நாலு உருண்டை லத்தி விழுந்தது. பெரியவன் ஒவ்வொன்றாக எண்ணினான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் அவன் தோளில் தட்டிச் சொன்னார். அவனிடம் சொன்னார், எங்களிடம் இல்லை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

தீனிக்கும் வைத்தியத்துக்கும் எவ்வளவு ஆகும்?

புல் சொந்தமாக இருந்தால் ஒரு குதிரைக்கு மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ஆகிவிடுகிறது. கொள்ளும் கோதுமைத் தவிடும்தான் பெரிய செலவு. வாய்க்கால் ஓரத்தில் கோ-4 தீவனப்புல் கொஞ்சம் போட்டிருக்கிறோம். கல்யாண ஊர்வலம், காதுகுத்து, திருவிழா என்று குதிரை போவதால் ஓரளவு திரும்பி வருகிறது. லாபம் என்று எதிர்பார்த்து இறங்காதீர்கள்.

டெல்டாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வரப்புப் புல்லை யோசித்து அறுங்கள். குறுவையிலும் சம்பாவிலும் மருந்து அடித்த வயலின் வரப்பில் அருகம்புல் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். வயல்காரரிடம் கேட்காமல் ஒரு பிடி கூட அறுக்க மாட்டோம். வைக்கோல் மட்டும் போட்டு வளர்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மாட்டுக்கு அசைபோடும் வயிறு, குதிரைக்கு அது இல்லை.

ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். மாட்டு லாடக்காரர் எல்லோருக்கும் குதிரைக் குளம்பு தெரியாது, தெரிந்தவரைப் பிடித்து வையுங்கள். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டு வையுங்கள். வைத்தியத்துக்கு எங்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய தெம்பு. அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

எங்கே வாங்குவது? கோடியக்கரையில் குதிரைகள் சும்மா திரிகின்றனவே?

கோடியக்கரையில் இருப்பவை சரணாலயத்துக்குள் காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகள். பிடிக்கக் கூடாது, பழகவும் பழகாது. ஒருமுறை பெரியவனைக் கூட்டிப்போனோம். தூரத்தில் நின்றவற்றைப் பார்த்து "வா, வா" என்று கூப்பிட்டான். வரவில்லை என்றதும் ரொம்ப நேரம் முகம் வாடியிருந்தது.

விற்பனை என்றால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைதான் பெரியது. செவலையை அங்கேதான் வாங்கினோம். உடம்பில் முடிச்சுழி சரியில்லை என்று பலர் ஒதுக்கியதால் விலை எங்களுக்குக் கட்டுப்படியாயிற்று. நாங்கள் சுழி பார்க்கவில்லை, குணம்தான் பார்த்தோம். பக்கத்தில் குடையை விரித்தோம், வாளியை உருட்டினோம், காலைத் தூக்கிப் பார்த்தோம். கடைசியில் பெரியவன் கையில் கயிற்றைக் கொடுத்தோம். அவன் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். செவலை அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டது. அதற்குமேல் நாங்கள் பேரம் பேசவில்லை. ஆண்குதிரை, பந்தயக் குதிரை, இளங்குட்டி மூன்றும் இப்படிப்பட்ட வீட்டுக்கு வேண்டாம். எட்டு வயதைத் தாண்டிய பெண்குதிரையோ காயடித்த குதிரையோ நல்லது. எங்கள் இரண்டாவது குதிரை மணி, காயடித்த மட்டக்குதிரை.

புயல், மழைக்கு என்ன செய்வீர்கள்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது லாயத்துக் கூரை பறந்து போனது. முதல் நாளே இரண்டையும் அவிழ்த்து மேட்டுத் திடலில் விட்டிருந்ததால் தப்பித்தன. கட்டிப் போட்டிருந்தால் கூரையோடு போயிருக்கும். விடிந்ததும் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது, ரோடு இல்லை, கரண்ட் பல நாள் இல்லை. அன்று எங்களைக் காப்பாற்றியது பெரியவனின் மாத்திரை டப்பாதான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு மாத மாத்திரை கையில் இருக்க வேண்டும்.

வளர்ந்த ஆணை எப்படிக் குளிப்பாட்டுகிறீர்கள், தூக்குகிறீர்கள்?

அவனுக்கு 12 வயது ஆனதிலிருந்து குளியல், சவரம், துணி மாற்றுவது எல்லாம் அவன் அப்பாதான். கதவைச் சாத்திக்கொள்வார்கள். முடிந்ததை அவனே செய்வான், மீதியை மட்டும் அவர் செய்வார். விருந்தாளிகள் அவன் கன்னத்தைக் கிள்ளினால் நான் தடுத்துவிடுவேன். மீசை முளைத்த ஆள் அவன். "இன்னும் குழந்தைதான்" என்று பாசத்தோடுதான் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டாம். தூக்குவதை நிறுத்திவிட்டோம், என் இடுப்பு போனதுதான் மிச்சம். சுவர் நெடுக இரும்புக் கைப்பிடி அடித்த பிறகு அவனே எழுந்துகொள்கிறான்.

நானும் கணவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. யாராவது ஒருவர்தான் போவோம். இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

நேர்த்திக்கடன் ஏதாவது செய்தீர்களா?

அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுத்து வைத்தோம், என் மாமியார் வேண்டிக்கொண்டது. பெரியவன் அந்தக் குதிரையின் முன்னங்காலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான், குளம்பு சுத்தம் செய்வதற்கு. பூசாரி சிரிக்கவில்லை. "நல்லா பாத்துக்குறான் தம்பி" என்றார்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுமே?

ஆகாது. ஒரு பெண்ணிடம் மறைத்து, அவளைச் சம்பளமில்லாத ஆயாவாக ஆக்குவது பாவம்.

18 வயதுக்குப் பிறகு என்னென்ன காகிதம் வேண்டும்?

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வங்கியில் அவன் கணக்கை நான் இயக்க முடியாது என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் பெற்றோர் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் நியமிக்கலாம். கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுதான் நியமிக்கும். விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நியமித்த ஆறு மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், பிறகு வருஷா வருஷம் கணக்கு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முடிவுகளை அவர்களோடு கலந்துதான் எடுக்க வேண்டும் என்கிறது. நாங்கள் அவன் எதிரில், அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை எடுத்துவிடுங்கள், எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் வரை உண்டு.

உங்களுக்குப் பிறகு?

எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். தினமும் ராத்திரி நானும் இதைத்தான் நினைக்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் திருவாரூரில் இருக்கிறார்கள். நாங்கள் இல்லாதபோது பாதுகாவலராக விண்ணப்பிக்க அவள் சம்மதித்திருக்கிறாள். அவளிடம் சும்மா விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஒரு நோட்டு எழுதி வருகிறோம். எந்த மாத்திரை எந்த நேரம், சாதத்தை எவ்வளவு குழைக்க வேண்டும், வலிப்பு வரும் முன் இடது கண் எப்படித் துடிக்கும், எல்லாம் அதில் இருக்கிறது. அவன் வார்த்தைகளுக்கு ஒரு பக்கம். "ம்பா" என்றால் தண்ணீர். "தாத்தா" என்றால் தாத்தா இல்லை, குதிரை வண்டி. "போதும்" என்பதை இரண்டு தடவை சொன்னால்தான் போதும்.

குதிரைகளும் எங்களுக்கு முன்னே போகும். முதல் கிழட்டுக் குதிரை செத்தபோது அவனிடம் மறைக்கவில்லை. கழுத்தில் கை வைத்துப் பார்த்தான், சில்லென்று இருந்தது, அவனுக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாள் காலையில் நாலு டப்பா கொள்ளை எண்ணி வெறும் தொட்டியில் போட்டான். நாங்கள் தடுக்கவில்லை.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக வாருங்கள், ஆனால் காலை எட்டு மணிக்கு மேல். குதிரையைத் தொடலாமா என்று எங்களைக் கேட்காதீர்கள், அவனைக் கேளுங்கள். பதில் சொல்ல நேரமாகும், காத்திருங்கள். கேரட் கொண்டு வந்தால் நீளவாக்கில் நறுக்கிக் கொண்டு வாருங்கள். வட்டமாக நறுக்கினால் குதிரைக்குத் தொண்டையில் அடைக்கும், அவன் வாங்கவும் மாட்டான்.